கோயம்பேடு 2020: கூட்டம் ஒரு நாள், தொற்று பல வாரம்

2020 கோடையில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், சென்னை கோயம்பேடு சந்தையில் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் ஏப்ரல் 25-ஆம் தேதியைச் சொல்வார்கள். அன்று சனிக்கிழமை. மறுநாள் காலை 6 மணியிலிருந்து சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்திருந்தது. மளிகைக் கடை கூடத் திறக்காது. எனவே சனிக்கிழமை விடிவதற்குள் சென்னையின் ஒரு பெரும்பகுதி பையைத் தூக்கிக்கொண்டு கோயம்பேட்டுக்குக் கிளம்பிவிட்டது. தோளோடு தோள் உரசி நின்ற அந்தக் கூட்டத்தின் காட்சிகள் அன்று முழுவதும் தொலைக்காட்சியில் ஓடின. பத்து நாள் கழித்துத் தொற்று எண்ணிக்கை எகிறியதும் எல்லோரும் அந்தக் காட்சிகளைத்தான் காரணமாகக் காட்டினார்கள்.

அந்தக் கூட்டம் நடந்திருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோயம்பேட்டில் தொற்று பரவியதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம் என்பதை ஏற்க முடியவில்லை. தேதிகளையும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வைரஸ் அதற்குப் பல நாள் முன்பே சந்தைக்குள் குடியேறியிருக்க வேண்டும். அது குடியேறியது காய் வாங்க வந்தவர்களிடம் அல்ல, அங்கேயே படுத்து எழுந்த சுமைத் தொழிலாளர்களிடம். அரசின் கவனமோ கடைசிவரை வாங்க வருபவர்கள் மேலேயே இருந்தது. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

ஒரு தக்காளிப் பெட்டியின் பயணம்

ஜார்ஜ் டவுன் கொத்தவால்சாவடியில் நெரிசல் தாங்க முடியாமல் போனதால் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது மொத்தச் சந்தை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் பொறுப்பில் இருக்கிறது. காய், கனி, பூ என்று தனித்தனிப் பகுதிகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். சென்னைக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் இதுதான் அடுப்படி.

மதனப்பள்ளிப் பக்கமிருந்தோ கோலார் பக்கமிருந்தோ ஒரு லாரி தக்காளி வருகிறது என்று வையுங்கள். நாசிக் வெங்காயம், நீலகிரி கேரட், ஆக்ரா உருளைக்கிழங்கு எல்லாம் ஏறக்குறைய இதே நேரத்தில் வந்து சேரும். இரவில் லாரி உள்ளே நுழைந்ததும் நாலைந்து லோடுமேன்கள் ஏறுவார்கள். மேலே இருப்பவர் பெட்டியை எடுத்துக் கொடுக்க, கீழே இருப்பவர் தலையிலோ தோளிலோ வாங்கி, மூச்சு வாங்கிக்கொண்டே மண்டிக்குள் கொண்டு இறக்குவார். முகக்கவசம் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்தாவது நடையில் அது தாடைக்குக் கீழே இறங்கிவிடும். பின்னிரவில் வியாபாரம் தொடங்கும். விலை பேசுவது சத்தமான வேலை, முகத்துக்கு முகம் நின்று கத்தியாக வேண்டும். சில்லறை வியாபாரிகள் வாங்கிய சரக்கை மறுபடி லோடுமேன்கள் சுமந்து குட்டி யானையிலும் ஆட்டோவிலும் ஏற்றுவார்கள். விடிந்ததும் அது தெருமுனைக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் போய்விடும்.

ஆக, காய் வாங்குபவர் அங்கே இருப்பது ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். கடைக்காரர் இரவில் வந்து மதியம் வீட்டுக்குப் போய்விடுவார். லோடுமேனுக்கோ சந்தைதான் வீடு. கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பேர் கடை வாசலிலும், மாடித் தாழ்வாரத்திலும், பக்கத்துத் தெருக்களில் பலபேர் சேர்ந்து எடுத்த ஒற்றை அறைகளிலும் படுத்துக் கிடந்தார்கள். ஒரே குழாய், ஒரே கட்டணக் கழிப்பறை. கூலி அன்றன்றைக்குக் கைக்கு வரும் என்பதால், பெரும்பாலானவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. மார்ச் 25-இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் பஸ், ரயில் நின்றுபோனதால் ஊருக்கும் போக முடியவில்லை. டீக்கடையும் மெஸ்ஸும் மூடிவிட்டதால், கிடைத்த இடத்தில் கூட்டாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். காற்றின் வழி பரவும் நோய்க்கு இதைவிடத் தோதான இடம் நகரத்தில் வேறு எங்கே இருந்திருக்கும்?

ஏப்ரல் நடுவில் தெரிந்த வெளிச்சம்

அந்த ஏப்ரலின் முதல் பாதியில் மாநிலத்தின் முழுக் கவனமும் டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய அமைப்பின் மாநாட்டிலிருந்து திரும்பியவர்கள் மேல் இருந்தது. தினமும் மாலை செய்தியாளர் சந்திப்பில் ‘ஒரே மூலம்’ என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. அவர்களையும் அவர்களது தொடர்புகளையும் தேடிப் பிடித்துப் பரிசோதித்ததில் ஏப்ரல் நடுவில் எண்ணிக்கை நன்றாக இறங்கியது. ஏப்ரல் 16 அன்று மாநிலம் முழுவதற்கும் புதிய தொற்று வெறும் 25. இன்னும் சில நாளில் புதிய தொற்றே இல்லாத நிலை வரும் என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை தெரிவித்தார்.

அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 25 என்ற எண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். யாரைப் பரிசோதிக்கலாம் என்பதற்கு ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வகுத்திருந்த விதி இருந்தது. வெளிநாட்டுப் பயணம் செய்து அறிகுறி உள்ளவர், தொற்று உறுதியானவரின் தொடர்பு, அறிகுறி உள்ள மருத்துவப் பணியாளர், கடும் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர். ஏப்ரல் 9-இல் தொற்று மிகுந்த பகுதிகளில் காய்ச்சல், சளி உள்ளவர்களையும் சேர்த்தார்கள். இப்போது கோயம்பேட்டில் இருக்கும் இருபத்தைந்து வயது லோடுமேனை இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். அவர் வெளிநாடு போகவில்லை, டெல்லிக்கும் போகவில்லை. லேசாகத் தொண்டை கரகரத்தால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மூட்டை தூக்கப் போய்விடுவார், வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அன்றைய தமிழ்நாட்டில் தொற்று உறுதியானவர்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி எதுவும் இல்லை என்று சுகாதாரத் துறையே சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நோய் சந்தைக்குள் எத்தனை வாரம் சுற்றினாலும் அந்த விதிகளின் கண்ணில் பட்டிருக்காது.

பரப்புகளைத் துடைத்தது இன்னொரு பக்கம். பிளீச்சிங் பவுடர் தூவுவது, கிருமிநாசினி பீய்ச்சுவது என்று சந்தைகளில் மும்முரமாக வேலை நடந்தது. திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் மக்கள் நடந்து போகும்போதே மேலே மருந்து தெளிக்கும் சுரங்கப்பாதையை ஏப்ரல் முதல் நாள் அமைத்தார்கள். பார்ப்பதற்கு நம்பிக்கை தந்ததால் மற்ற ஊர்களிலும் அது முளைத்தது. மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிப்பதால் பயன் இல்லை, தீங்குதான் என்று மத்திய சுகாதாரத் துறை ஏப்ரல் 18-இல் அறிவுறுத்த வேண்டிவந்தது. வீடுகளிலும் இதே கதைதான். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கத்தரிக்காயை ஊறவைத்தோம், பால் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவினோம், கீரையை வெயிலில் காட்டினோம். காயை எல்லோரும் பயந்து பார்த்தோம். காய்க்காரருக்குக் காற்றோட்டமான இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்து அறிவு அவ்வளவுதான், அதற்காக யாரையும் இப்போது நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயமாகாது. ஆனால் நெரிசல் ஆபத்து என்பது அப்போதே தெரிந்திருந்தது. மற்ற ஊர்களில் சந்தைகளை என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தாலே அது புரியும்.

திருச்சியில் காந்தி மார்க்கெட்டை மூடி, வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். கோவையில் உழவர் சந்தைகள் பஸ் நிலையங்களுக்குப் போயின. பஸ் ஓடாததால் காலியாகக் கிடந்த பஸ் நிலையம், விடுமுறையில் இருந்த பள்ளி மைதானம் என்று மாநிலம் முழுக்க மாவட்ட நிர்வாகங்கள் இதைச் சட்டென்று செய்தன. தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு ஆட்களை நிறுத்திய அந்தப் படங்கள் பலருக்கும் நினைவிருக்கும். அந்த மாநிலத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தை மட்டும் அதே கூரையின் கீழ், அதே சந்துகளோடு ஏப்ரல் முழுவதும் ஓடியது.

ஏன் நகரவில்லை?

இதற்கு இரண்டு தரப்பும் இரண்டு பதில் சொல்லின. மார்ச்சிலிருந்தே பலமுறை பேசினோம், இடம் மாற வியாபாரிகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று மே மாதத்தில் முதல்வர் சொன்னார். வீட்டுவசதித் துறையைக் கையில் வைத்திருந்த துணை முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் ஏப்ரல் கடைசியில் வியாபாரிகளோடு நேரடியாகவே பேசிப் பார்த்தார். மொத்தச் சரக்கை இறக்கிக் கையாளும் வசதி மாற்று இடங்களில் இல்லை, பழியை எங்கள் மேல் போடாதீர்கள் என்பது வணிகர் சங்கங்களின் பதில்.

இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரு மண்டிக்காரர் இடம் மாறினால், விவசாயிக்குக் கொடுத்த முன்பணமும், வாடிக்கையாளரிடம் நிற்கும் பாக்கியும் அந்தரத்தில் நின்றுவிடும். கோயம்பேட்டில் கடை எண்ணைச் சொன்னால் கர்நாடக லாரி ஓட்டுநர்கூட நேராக வந்து நிற்பார். மைதானத்தில் அது நடக்காது. அதனால் அவர்கள் தயங்கியது புரிகிறது. ஆனால் ஒரு பெருந்தொற்றில் வியாபாரி சம்மதித்தால்தான் சந்தை நகரும் என்று அரசு காத்திருக்க முடியுமா? திருச்சியிலும் கோவையிலும் வியாபாரிகள் விரும்பியா போனார்கள்? மே 5-ஆம் தேதி சம்மதம் கேட்காமல் மூட முடிந்த அரசுக்கு ஏப்ரல் 5-ஆம் தேதியும் அதே சட்ட அதிகாரம் இருந்தது. நகரத்துக்குக் காய் நின்றுபோய்விடுமோ என்ற பயம்தான் தடுத்தது. அது நியாயமான பயமும்கூட. அதற்கு விடை, மாற்றுச் சந்தையை முன்கூட்டியே கட்டித் தயாராக வைத்திருப்பதுதான்.

நான்கு நாள் ஊரடங்கு, ஒரு நாள் அவகாசம்

முழு ஊரடங்கு அறிவிப்பில் ஒரு வாசகம் இருந்தது. கோயம்பேடு போன்ற மொத்தக் காய்கறிச் சந்தைகள் உரிய கட்டுப்பாடுகளுடன் இயங்கும் என்று அதில் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். நடமாடும் வாகனங்களில் காய் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். அதாவது காய் தீர்ந்துபோகாது. அப்படியும் ஏன் அத்தனை கூட்டம்? ஒரு மாத ஊரடங்கில் மக்கள் ஒன்றைக் கற்றிருந்தார்கள். இன்றைக்குச் சொன்ன விதி நாளைக்கு இருக்குமா என்று தெரியாது. வண்டி வரும் என்று சொன்ன தெருவுக்கு வண்டி வரலாம், வராமலும் போகலாம். நாலு நாளைக்கு வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்க வேண்டிய ஒருவர், அந்த நம்பிக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார். பதுக்கல் புத்தி, பொறுப்பில்லாத ஜனம் என்றெல்லாம் அன்று எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த இடத்தில் அதே அரசு அதே மாதத்தில் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தபோது, வீட்டுக்கே போய் டோக்கன் கொடுத்தார்கள். எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கோடிக்கணக்கான குடும்பங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள் அது. தள்ளுமுள்ளு நடந்த கடைகளும் இருந்தன, ஆனால் நாள்வாரியாகப் பிரித்ததால் மாநிலம் முழுக்க ஒரே நாளில் கூட்டம் குவியவில்லை. தனக்கான பங்கு தனக்குத்தான் என்று உறுதியாகத் தெரிந்ததால் மக்கள் பொறுத்திருந்தார்கள். அரிசிக்கு யோசித்ததைக் காய்க்கு யோசிக்காமல், எல்லோருக்கும் ஒரே ஒரு நாளைக் கொடுத்ததுதான் ஏப்ரல் 25. காலையில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அன்று மட்டும் மதியம் 3 மணிவரை கடைகள் திறக்கலாம் என்று நேரத்தையும் நீட்டித்தார்கள்.

தேதிகள் சொல்வது

ஏப்ரல் கடைசி வாரத்தில் சந்தையின் வியாபாரிகள் சிலருக்குத் தொற்று உறுதியானது. அப்புறம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. சுகாதாரத் துறையின் ஏப்ரல் 30 மாலை அறிக்கையில் மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை 2,323, அதில் சென்னை 906. மே 4-இல் மாநிலம் 3,550-ஐத் தொட்டது. அன்று ஒரே நாளில் 527 பேர், அதில் சென்னைக்கு 266, கடலூருக்கு 122, விழுப்புரத்துக்கு 49. மே 6-இல் புதிய தொற்று 771, அதில் அரியலூர் என்ற சின்ன மாவட்டத்தின் பங்கு மட்டும் 188. மே 11-இல் மாநிலம் 8,002, சென்னை 4,371.

கடலூரின் அந்த 122 பேரைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். மே 4 மாலை அறிக்கையில் வர வேண்டுமானால் சளி மாதிரியை மே 2, 3 வாக்கிலாவது எடுத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே அவர்கள் சென்னையிலிருந்து கிளம்பி, ஊர் போய், அதிகாரிகள் கண்டுபிடித்து, முகாமுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அப்படியானால் அவர்கள் சந்தையை விட்டுக் கிளம்பியது ஏப்ரல் கடைசி நாட்களில். அன்றைய வைரஸ் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய், அவர் இன்னொருவருக்குக் கொடுக்க ஒவ்வொரு படிக்கும் சராசரியாக ஐந்து நாள் ஆகும். ஏப்ரல் 25-இல் வெளியிலிருந்து வந்த கூட்டம்தான் வைரஸைக் கொண்டுவந்தது என்றால், மே முதல் நாட்களுக்குள் ஒரு படி முடிந்திருக்கும், மிஞ்சினால் இரண்டு. நான்கு மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களுக்கு ஒரே வாரத்தில் உறுதியாக அது போதாது. மேலும், கூட்டம்தான் காரணம் என்றால் முதலில் விழுந்திருக்க வேண்டியவர்கள் அன்றைக்குக் காய் வாங்கிப் போன நகரவாசிகள். விழுந்தவர்களோ உள்ளேயே இருந்தவர்கள். ஏப்ரல் நடுவில், மாநிலமே 25 என்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட அதே நாட்களில், சந்தைக்குள் தொற்று சுற்றிக்கொண்டிருந்தது என்பதுதான் என் முடிவு. ஏப்ரல் 25-இல் சென்னை மக்கள் அங்கே எதையும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை வாங்கி வந்தார்கள் என்று சொன்னால் பொருந்தும்.

சென்னையில் ஏறிய எண்ணிக்கை முழுவதையும் கோயம்பேட்டின் கணக்கில் எழுதுவதும் தவறு. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் நெருக்கமான குடியிருப்புகளில் ஏற்கெனவே பரவல் இருந்தது. சந்தை இருக்கும் கோடம்பாக்கம் மண்டலம் அவற்றோடு போட்டி போடும் நிலைக்கு வந்ததில்தான் கோயம்பேட்டின் பங்கு வெளிப்படையாகத் தெரிந்தது.

லாரி ஏறிய தொழிலாளர்கள்

சந்தையில் தொற்று என்ற செய்தி பரவியதும் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். ஊரடங்கில் தனி ஆள் மாவட்டம் தாண்ட அனுமதிச்சீட்டு வேண்டும், அத்தியாவசியப் பொருள் ஏற்றும் லாரிக்குத் தடை இல்லை. காய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரிகளில் ஏறிப் போனார்கள். இதை ஓட்டம் என்றும் ஒளிந்து தப்பினார்கள் என்றும் அப்போது எழுதினார்கள். பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு நோய், வேலை நிற்கப் போகிறது, தங்க இடம் கிடையாது, சோற்றுக்கு வழி இல்லை என்ற நிலையில் ஒரு மனிதன் வீட்டுக்குப் போகாமல் வேறு எங்கே போவான்?

ஊரில் காத்திருந்தது வேறு விதமான கஷ்டம். கிராமத்துக்குள் விடமாட்டோம் என்றார்கள் சில இடங்களில். கல்லூரிகளையும் பள்ளிகளையும் முகாமாக்கி, திரும்பியவர்களைத் தங்கவைத்துக் கூட்டாகப் பரிசோதித்தார்கள். அங்கே ஒரு விஷயத்தைப் பாராட்ட வேண்டும். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் நிர்வாகங்களும், வீடு வீடாகப் போய் யார் சென்னையிலிருந்து வந்தது என்று கேட்ட கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் உள்ளாட்சிப் பணியாளர்களும் அந்த வாரத்தில் தூங்கியிருக்க மாட்டார்கள். மே முதல் வாரத்தில் அந்த மாவட்டங்களின் எண்கள் அத்தனை உயரமாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் ஒளிக்காமல் தேடியதுதான். சென்னையில் ஏப்ரலில் எட்டாமல் போன பரிசோதனை, இவர்கள் ஊருக்குப் போன பிறகு எட்டியது.

தொற்று மாநில எல்லையோடும் நிற்கவில்லை. கேரளத்தின் வயநாட்டில், கோயம்பேட்டுக்கு வந்து திரும்பிய ஒரு லாரி ஓட்டுநரிடமிருந்து ஒரு தொடர் உருவாகி, மானந்தவாடி காவல் நிலையத்துக் காவலர்கள் வரை போனது. ஆந்திரத்தின் எல்லை மாவட்டங்களிலும் கோயம்பேடு தொடர்பு என்று பதிவுகள் வந்தன. ஏப்ரல் முழுக்க மனிதர்கள் நகரக் கூடாது என்று நாடே அடைந்து கிடந்தபோது, உணவு மட்டும் நகர்ந்தாக வேண்டியிருந்தது. அதோடு நகர்ந்த ஓட்டுநரையும் சுமை தூக்குபவரையும் அந்த ஊரடங்குத் திட்டம் ஆட்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மூடிய பிறகு

பூவும் பழமும் மாதவரம் பஸ் நிலையத்துக்குப் போயின. மே 5-இல் கோயம்பேடு முழுவதுமாக மூடப்பட்டது. மொத்தக் காய்கறி வியாபாரத்துக்குப் பூந்தமல்லி தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் திருமழிசையில் சுமார் 200 கடைகளோடு தற்காலிகச் சந்தை அமைத்து, மே 10, 11 வாக்கில் திறந்தார்கள். இடையில் இருந்த அந்தச் சில நாட்களில் நகரத்தில் காய் விலை ஏறியது, தெருமுனைக் கடைகளில் கூடைகள் காலியாகக் கிடந்தன. திருமழிசை அவசரத்தில் கட்டப்பட்டாலும், விரிந்த இடம், காற்றோட்டம், கடைகளுக்கு நடுவே தாராளமான வழி என்று நோய்த் தடுப்பு நோக்கில் கோயம்பேட்டைவிடப் பல மடங்கு மேலாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் கட்டிவிட முடிந்திருக்கிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். மார்ச் கடைசியில் அந்த ஒரு வாரம் கைவசம் இருந்தது.

ஆனால் அது வெட்டவெளி. மழை பெய்ததும் சேறானது, மூட்டைகள் தண்ணீரில் நின்றன, காய் அழுகியது. 200 கடையில் இடம் கிடைத்தது பெரிய மொத்த வியாபாரிகளுக்கு. கோயம்பேட்டுக்குள் சிறு கடை வைத்திருந்த சில்லறை வியாபாரிகளில் பெரும்பகுதிக்கு மாதக்கணக்கில் எந்த இடமும் இல்லை. மொத்தக் காய்கறிக் கடைகள் செப்டம்பர் 28-இல் படிப்படியாகத் திறந்தபோதும் அவர்கள் முறை வர இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பூந்தமல்லி தாண்டிப் போய்ச் சரக்கு எடுக்க வண்டி வாடகை கட்டுப்படியாகாமல் எத்தனையோ தள்ளுவண்டிக்காரர்கள் அந்தத் தொழிலையே விட்டார்கள். இந்த இழப்பு எந்த மாலை அறிக்கையிலும் வரவில்லை.

மூடியது சரியான முடிவு, தாமதமாக எடுத்த முடிவு. அதைவிட முக்கியமான குறை, மூடிய வரிசையில் இருக்கிறது. முதலில் உள்ளே இருப்பவர்களைப் பரிசோதித்து, தங்க இடமும் சாப்பாடும் இரண்டு வாரக் கூலியும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தால் லாரி ஏற வேண்டிய அவசியமே வந்திருக்காது. பெய்ஜிங்கில் ஷின்ஃபாதி என்ற மாபெரும் மொத்தச் சந்தையில் அதே ஆண்டு ஜூனில் தொற்று தெரியவந்தபோது, ஓரிரு நாளில் சந்தையை மூடினார்கள். உள்ளே வேலை செய்தவர்களைக் கூட்டமாகத் தனிமைப்படுத்தி, சந்தைக்கு வந்துபோனவர்களைத் தேடி, ஒரு கோடிக்கு மேல் பரிசோதனை செய்தார்கள். முந்நூற்றுச் சொச்சம் தொற்றோடு அது அடங்கியது. அந்த நாட்டின் கண்காணிப்பு முறை நமக்கு வேண்டாம், அத்தனை பரிசோதனை வசதியும் ஏப்ரலில் நம்மிடம் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர்களிடமிருந்து தொடங்குவது என்ற வரிசைக்குப் பெரிய பணம் தேவையில்லை. பெரு நாட்டின் லிமாவில் அதே மே மாதத்தில் சந்தைகளில் பரிசோதித்தபோது விற்பனையாளர்களிடையே தொற்று மலைக்க வைக்கும் அளவுக்கு இருந்தது. அங்கேயும் கடுமையான ஊரடங்கு போட்டிருந்தார்கள், அங்கேயும் மக்கள் போக அனுமதி இருந்த மிகச் சில இடங்களில் ஒன்று சந்தை.

அடுத்த ஆண்டு

2021 மே 21-இல் தமிழ்நாட்டின் ஒரு நாள் தொற்று 36,184. அப்போது முதல்வர் மு.க. ஸ்டாலின். மே 24 முதல் தளர்வில்லா முழு ஊரடங்கு என்று 22-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. அன்று இரவு 9 மணிவரையும் மறுநாள் முழுக்கவும் எல்லாக் கடைகளும் திறந்திருக்கலாம், ஊருக்குப் போக சிறப்புப் பஸ்களும் விடப்படும் என்றார்கள். சந்தைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் பஸ் நிலையங்களிலும் கூட்டம் அலைமோதியது. ஏப்ரல் 25 அப்படியே மறுபடி நடந்தது, இந்த முறை மாநிலம் முழுக்க, பலமடங்கு தொற்றோடு. ஆட்சி மாறியும் அந்தப் பழக்கம் மாறாததைப் பார்க்க மனம் வலித்தது.

ஆனால் 24-ஆம் தேதி காலையில் நடந்தது வேறு. தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து வண்டிகளில் காய், பழம் ஏற்றித் தெருத்தெருவாக அனுப்பின. ஒலிபெருக்கியில் விலையைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பகுதியில் முதல் நாள் தக்காளியும் வெங்காயமும் மட்டும் இருந்தன, ஓரிரு நாளில் கீரை, முருங்கைக்காய் எல்லாம் வந்தன. வண்டி தினமும் வருகிறது என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா அரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதை நிறுத்திவிட்டார். மொத்த வியாபாரம் கட்டுப்பாடுகளோடு நடந்தது, பின்னர் கோயம்பேட்டுக்கு உள்ளேயே தடுப்பூசி முகாம் போட்டு வியாபாரிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் ஊசி செலுத்தினார்கள். மருத்துவக் குழு சுமை தூக்குபவரைத் தேடிச் சந்தைக்குள் போனது அங்கேதான். 2020 ஏப்ரலில் ஊசி இல்லை, சளி மாதிரி எடுக்கும் குச்சி இருந்தது. அதே குழு அப்போதே அந்தத் தாழ்வாரங்களுக்குப் போயிருக்கலாம்.